சிவப்பு மூடியில் மூன்று வளையல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவருபவர் வரைக்கும் தெரியும். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில், பூக்கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த வக்கீல் அலுவலகம். வணிகச் சின்னங்களைப் பதிவு செய்து தருவதும், அடுத்தவர் சின்னத்தைச் சுருட்டுகிறவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதும்தான் எங்கள் பிழைப்பு. நான் வக்கீல் இல்லை. கோப்புகளைத் தயார் செய்வேன், கெடு தேதிகளுக்குக் காவல் இருப்பேன், எங்கள் வக்கீல் மேடம் மறந்ததை எல்லாம் நினைவூட்டி அவரிடம் திட்டு வாங்குவேன்.

ஒவ்வொரு வாரமும் பதிவகம் தன் இணைய இதழில் புதிய சின்னங்களை வெளியிடும். ஆட்சேபம் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சின்னம் விண்ணப்பித்தவருக்குப் போய்விடும். எங்கள் கட்சிக்காரர்களின் சின்னத்தைப் போல ஏதாவது வந்திருக்கிறதா என்று அந்த இதழை மேய்வது என் வேலை. சலிப்பான வேலைதான். சோப்பு, செருப்பு, மிளகாய்ச் சாந்து என்று பக்கம் பக்கமாகப் போகும்.

அன்று காலையில் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூன்று வளையல்கள். நடு வளையல் மட்டும் கொஞ்சம் நெளிந்திருந்தது. கீழே ஒரு நிறுவனத்தின் பெயரும், கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் தெலுக் பங்லிமா காராங் முகவரியும். பொருள்: முறுக்கு, மற்ற நொறுக்குத் தீனிகள்.

அந்த நெளிந்த வளையலை எனக்குத் தெரியும். என் அண்ணி வரைந்தது அது. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு கிள்ளானுக்கு வந்த புதிதில், மாவு பிசையும் முன் கழற்றி சமையலறை ஜன்னலில் வைக்கும் கண்ணாடி வளையல்களைப் பார்த்து, பால்பாயிண்ட் பேனாவால் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தார். வட்டமாக வரவில்லை என்று சிரித்தோம். அதையே ஸ்டிக்கராக அடித்து முறுக்கு டின்களின் சிவப்பு மூடியில் ஒட்ட ஆரம்பித்தார். இப்போது அதே கோணல் வளையல் வேறு எவனுடைய பெயரிலோ இருக்கிறது. உடனே கிள்ளானுக்கு போன் போட்டேன்.

“அண்ணி, உங்க வளையல் படத்த யாருக்காச்சும் எழுதிக் குடுத்தீங்களா?”

“ஸ்டிக்கர் படமா? எதுக்கு கேக்குற? அடுப்புல எண்ணெய் காயுது, அப்புறம் பேசுறேன்.”

“மொதல்ல அடுப்ப அணைங்க.”

நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். ஆள் யார் என்று அண்ணிக்குப் புரிந்துவிட்டது. ஊரடங்குக் காலத்தில் வாசலில் வந்து நின்றவர். “அக்கா, நீங்க சுடுங்க, நான் விக்கிறேன், நீங்க வெளிய வரவே வேணாம்” என்று சொல்லி, டின் டின்னாக எடுத்துக்கொண்டு போய் இணையத்தில் விற்றவர். தீபாவளிக்கு கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கடை போட்டு அங்கும் விற்றார். பிறகு ஒரு நாள் ஆர்டர் நின்றது. போனை எடுக்கவில்லை. அவருக்கு வியாபாரம் அலுத்துவிட்டது என்று அண்ணி நினைத்துக்கொண்டார். அவரோ தெலுக் பங்லிமா காராங்கில் மெஷின் போட்டு, அதே மூன்று வளையலோடு முறுக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நேரமும் சரியில்லை. அண்ணி வீட்டுச் சமையலறையை விட்டு ஒரு சின்னக் கடைவீட்டுக்கு மாறியிருந்தார். கேரி தீவிலிருந்து இரண்டு பெண்கள் தினமும் வேலைக்கு வந்தார்கள். ஒரு பேரங்காடி அவருடைய முறுக்கை அலமாரியில் வைக்கச் சம்மதித்திருந்தது. ஜனங்களுக்குத் தெரிந்த அதே வளையல் சின்னம் வேண்டும், அதில் வில்லங்கம் இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய ஒரே நிபந்தனை. அந்த மனிதருக்குப் பதிவு கிடைத்துவிட்டால் பேரங்காடி கைகழுவிவிடும். இணையக் கடைகளும் அவர் ஒரு புகார் கொடுத்தால் அண்ணியின் பக்கத்தைத் தூக்கிவிடும். அதிகாரிகளோடு வந்து டின்களை அள்ளிக்கொண்டு போகக்கூட அவருக்கு வழியிருக்கும். தன் சின்னத்தைத் தானே திருடியவள் என்ற பட்டம் அண்ணிக்கு மிஞ்சும்.

மேடம் படத்தை நிதானமாகப் பார்த்தார். அவர் நிதானமாகப் பார்த்தாலே எனக்குப் பயம்.

“புதுச் சட்டம் வந்ததுலருந்து எல்லாரும் ஓடி ஓடிப் பதியிறாங்க. டப்பாவோட வடிவத்தக்கூடப் பதியலாம், கலரப் பதியலாம். நல்லவேளை இந்த ஆளு செவப்பு மூடிய விட்டு வெச்சான்” என்றார். “உங்க அண்ணி மொதல்லருந்து யூஸ் பண்ணாங்க, இவரு தெரிஞ்சே எடுத்துக்கிட்டாருன்னு நாம காட்டணும். ஊரடங்குக்கு முன்னாடி அந்த ஸ்டிக்கரோட வித்ததுக்கு என்ன இருக்கு?”

அங்கேதான் சிக்கல். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் நம்மவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளிக்கு அண்டை வீட்டு மலாய்க்காரருக்கும் சீனருக்கும் ஆபீசுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் முறுக்கு கொடுத்தாக வேண்டும். எல்லோரும் வேலைக்குப் போகிற காலத்தில் உட்கார்ந்து பிழிய யாருக்கு நேரம் இருக்கிறது? வாங்கித்தான் கொடுக்கிறோம். ஆனால் வாங்கியது என்று சொல்வது மானப் பிரச்சினை. அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே, “அக்கா, ஸ்டிக்கர் மட்டும் வேணாம்லா” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டே ஒட்டாமல் கொடுத்துவிடுவார். நல்ல மனசு. அந்த நல்ல மனசு இப்போது கழுத்தில் கத்தியாக வந்து நின்றது. ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்த கடையை மூடிவிட்டார்கள். பழைய போன் மாவு வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. மிஞ்சிய படங்களில் எல்லாம் மொட்டை மூடி.

ஆட்சேபத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தோம். அண்ணி தன் கதையைச் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாங்கியவர்கள் யாராவது ஒருவர், “ஆமாம், அந்த வருடங்களில் வளையல் சின்னத்தோடு விற்றார்கள்” என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று வாடிக்கையாளர்களைத் தேடிப் போனேன். ஒருவரும் வரவில்லை. ஒரு டீச்சர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, “என் சம்பந்தி வீட்டுக்கு இது போயிட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க போவேன்?” என்று கேட்டார். யாரும் படிக்கமாட்டார்கள் என்றேன். “அந்த ஆளோட பொண்டாட்டி எங்க கோயிலுக்குத்தான் வராங்க” என்றார்.

பிறகு எதிர்த்தரப்பின் சாட்சியம் வந்தது. தடித்த கட்டு. அதில் அந்த மனிதர் இந்தச் சின்னத்தைத் தானே ஊரடங்குக் காலத்தில் உருவாக்கியதாகச் சத்தியம் செய்திருந்தார். அதற்கு முன் அந்த வீட்டு முறுக்குக்குச் சின்னமே கிடையாது என்றும், இதோ அந்த வீட்டுப் பெரியவரே சொல்கிறார் என்றும் ஒரு காணொளியை இணைத்திருந்தார்.

கணினியில் ஓடவிட்டேன். கோயில் மாதர் குழுவின் பழைய தீபாவளிக் காணொளி அது. திரையில் என் அம்மா. பட்டுப்புடவை, நெற்றி நிறைய விபூதி, முன்னால் அடுக்கி வைத்த மொட்டை மூடி டின்கள். ஒரு பெண் கேட்கிறாள், “ஆன்டி, இது எந்தக் கடை முறுக்கு?” அம்மா கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். “கடையா? எல்லாம் என் கையால சுட்டதும்மா. இதுக்கு பேரும் கெடையாது, மார்க்கும் கெடையாது.”

மேடம் அதை இன்னொரு முறை ஓடவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா கோயிலில் கொஞ்சம் அளப்பார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை நாங்கள் கேலி செய்து சிரிப்பதுண்டு. அது சாட்சியமாக முத்திரை குத்தி வரும் என்று யார் நினைத்தது?

“பதில் சாட்சியம் குடுக்க இன்னும் டைம் இருக்கு” என்றார் மேடம். “இதுக்கு பதில் ஒருத்தராலதான் சொல்ல முடியும்.”

வேலை முடிந்ததும் பக்கத்திலிருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். கிள்ளான் போய்ச் சேரும்வரை அம்மாவைத் திட்ட வேண்டிய வசனங்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டில் அண்ணன் துறைமுகத்துக்கு ஷிப்டு போயிருந்தான். அம்மா சமையலறை மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணி அடுப்பருகே நின்றார். போனை நீட்டிக் காணொளியைக் காட்டினேன்.

“பேச்சுக்குச் சொன்னது. அதப் போயி கோர்ட்டுல காட்டுவானா அவன்?” என்றார் அம்மா.

“காட்டிட்டான். இப்ப நீங்க வந்து, அது பொய்யின்னு சத்தியம் பண்ணணும்.”

“எதுக்கு நான்? அவதான செய்யிறா, அவ சொல்லட்டும்.”

“அவங்க சொல்லியாச்சும்மா. நீங்க சொன்னதுதான் அவங்க கழுத்த நெரிக்குது.”

அம்மா கீரையிலிருந்து கையை எடுத்தார். என் ஒத்திகை வசனங்கள் எல்லாம் வாய்க்குள் இருந்தன. அண்ணி நின்றதால் விழுங்கினேன். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டேயாக வேண்டியிருந்தது. “அண்ணி ஒட்டாமத்தான் குடுத்தாங்களா இந்த டின்ன? வீட்டுக்கு எடுக்கிறதுல ஸ்டிக்கர் இருக்குமே.”

அண்ணிதான் சொன்னார், அடுப்பைப் பார்த்தபடியே. “ஒட்டித்தான் வெப்பேன். அத்த சுடுதண்ணில மூடிய ஊறவெச்சி உரிச்சிருவாங்க. சிங்க் வலையில சிக்கிக் கெடக்கும். நான் எடுத்துப் போட்டுருவேன்.”

“எத்தன நாளா தெரியும் ஒனக்கு?” அம்மாவின் குரல் சிறுத்திருந்தது.

“மொத தீபாவளிலருந்து, அத்த.”

இன்னொன்றும் வெளியே வந்தது. அம்மா சும்மா கொடுத்தது மட்டும் இல்லை. கோயில் சிநேகிதிகளிடம் ஆர்டரே எடுத்திருக்கிறார். தன் முறுக்கு என்று சொல்லி எடுத்து, அண்ணியிடம் “தெரிஞ்சவங்களுக்கு” என்று சொல்லிச் சுடவைத்து, மூடியை உரித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். வசூலை ஒழுங்காக அண்ணியிடம் சேர்த்துவிட்டார். அவருக்குக் காசு வேண்டியிருக்கவில்லை.

“உங்கப்பா இருந்தவரைக்கும் கோயில்ல என்னையத் தலைவரு வீட்டம்மான்னு கூப்புட்டாங்க” என்றார் அம்மா. “அவரு போனதுக்கு அப்புறம் யாரும் திரும்பிப் பாக்கல. முறுக்கு குடுத்ததுக்கு அப்புறந்தான் மறுபடியும் எனக்கு ஒரு நாற்காலி போட்டாங்க.” கீரைக் கூடையை அப்படியே விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு ஆத்திரமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம்தான் முதலில் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நாற்காலிக்காக ஒரு பெண்ணின் பிழைப்பையே உரித்து எறிவதா என்று கத்தத் தோன்றியது. ஆனால் கத்தவேண்டிய அண்ணி கத்தவில்லை. அம்மா விட்டுப்போன கீரையை ஆய உட்கார்ந்தார்.

“அவங்கள இழுக்காத” என்றார். “சின்னம் போனாப் போகட்டும். வேற படம் வரைஞ்சிக்கிறேன்.”

“அண்ணி, உங்களுக்குப் பேரங்காடிக்காரன் வேற படத்துக்கு எடம் குடுக்கமாட்டான்.”

“தெரியும்” என்றார். கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை அழாதவர். அப்போதுதான் இந்த வழக்கை எப்படியும் தோற்கக்கூடாது என்று எனக்குள் வைராக்கியம் பிடித்தது.

அதற்குப் பிறகு அம்மா என் போனை எடுக்கவில்லை. மாதர் குழுவோடு பத்துமலைக்குப் போயிருக்கிறார், தலைவலி, தூங்குகிறார் என்று அண்ணன் ஏதாவது ஒன்று சொல்வான். கெடு நெருங்கியது. எதிர்த்தரப்பிலிருந்து சமரசக் கடிதம் வேறு வந்தது. அண்ணி ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், “உரிமம் பெற்ற தயாரிப்பாளராக” அவரை வைத்துக்கொள்ள யோசிப்பார்களாம். அதாவது தன் வளையலை அண்ணி வாடகைக்கு மாட்டிக்கொள்ளலாம். அந்தக் கடிதத்தை எத்தனையாகக் கிழிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் அதை என் கையிலிருந்து வாங்கிக் கோப்பில் வைத்தார்.

கெடுவுக்கு முந்தைய வாரம், காலையில் அலுவலகத்தைத் திறக்கப் போனால் படிக்கட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். தனியாக ரயிலில் வந்திருக்கிறார். காணொளியில் கட்டியிருந்த அதே பட்டுப்புடவை. மூச்சு வாங்கியது.

“லிப்ட் கெடையாதா ஒங்க ஆபீஸுல?” என்று கேட்டுவிட்டு, “எங்க போடணும் கையெழுத்து?” என்றார்.

மேடம் அவருக்கு நாற்காலி போட்டுத் தேநீர் வரவழைத்தார். பிறகுதான் சொன்னார். “ஆன்டி, நீங்க அவங்க மாமியார். மருமகளுக்காகச் சொல்றீங்கன்னு அவங்க சொல்லுவாங்க. உங்ககிட்ட வாங்குன வெளியாளு ஒருத்தர் வேணும். ஸ்டிக்கரப் பாத்தவங்களா இருந்தா நல்லது.”

“நான்தான் எல்லாத்தையும் உரிச்சிட்டேனே, யாரு பாத்திருப்பாங்க?” என்றார் அம்மா. விலை கொடுத்து வாங்கியவர் ஒருவராவது இருக்கட்டும் என்றார் மேடம். அம்மா தேநீரைத் தள்ளி வைத்தார். பிறகு ஒருவரைச் சொன்னார். மாதர் குழுவின் செயலாளர். கோயிலில் அம்மாவுக்குச் சமமாக உட்காரும் ஒரே ஆள். வருடா வருடம் அதிகமாக வாங்கியவரும் அவர்தான். இந்த உலகத்தில் அம்மா யாரிடம் தோற்றுப்போக விரும்பமாட்டாரோ அவரைத்தான் சொன்னார்.

“நான் பேசுறேன்” என்று போனை எடுத்தேன்.

“நீ பேசாத. நீ பேசினா சண்டைதான் வரும்.” அம்மாவே எண்ணை அழுத்தினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அறையில் எல்லோருக்கும் கேட்டது.

நலம் விசாரிப்பு, முட்டிவலி, பூசைக்கு யார் பூ கொடுப்பது என்று கொஞ்சநேரம் போனது. நான் மேசைக்குக் கீழே விரல்களை முறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு முறை தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணு சொல்லணும். வருசா வருசம் நான் குடுத்தேனே முறுக்கு, அது நான் சுட்டது இல்ல. என் மருமக சுட்டது.”

அந்தம்மா மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

“அது தெரியும்லா அக்கா.”

அம்மா போனை இன்னும் வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

“எப்புடித் தெரியும்?”

“மூடியத் தொட்டா கோந்து கையில ஒட்டும். வீட்டுல சுட்ட முறுக்குக்கு ஏது கோந்து? ஒரு தடவ நீங்க உரிக்கவே மறந்துட்டீங்க. மூணு வளையல் படம் போட்டுருந்துச்சே. என் மகன் வீட்டு ஓபன் ஹவுஸு விருந்துல அந்த டின்னத்தான் மேசையில வெச்சோம். போட்டோகூட பேஸ்புக்ல இருக்கும், ஊரடங்குக்கு முந்தின தீபாவளி.”

மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். எங்கள் வழக்கு பிழைத்துவிட்டது. ஆனால் அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் வேறொன்றைக் கேட்டார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“குழுவுல எல்லாருக்குந்தான். வுடுங்கக்கா, முறுக்கு நல்லா இருந்துச்சி, வாங்கினோம். நீங்க ஆசையாச் சொல்றீங்க, எதுக்கு கெடுப்பானேன்னு வுட்டுட்டோம்.”

அம்மா போனை மேசைமேல் வைத்தார். அணைக்கக்கூட இல்லை, நான்தான் எடுத்து, அந்தம்மாவுக்கு நன்றி சொல்லி, படத்தையும் சாட்சியத்தையும் பற்றிப் பேசினேன். அவர் உடனே சம்மதித்தார். அதுவரை நான் பார்த்த எல்லா மறுப்புகளுக்கும் பிறகு அந்தச் சம்மதம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடமாகத் தான் எல்லோரையும் ஏமாற்றியதாக நினைத்திருந்தவர். அவருக்காக ஊரே நடித்திருக்கிறது. அவர் மேல் எனக்கிருந்த கோபம் முழுவதும் அந்த நிமிடத்தில் வடிந்துவிட்டது.

அம்மாவின் வாக்குமூலத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். முடிந்தவரை பூசி மெழுகினேன். ‘சில வேளைகளில் வீட்டிலிருந்த யாரோ ஒருவர் மூடியிலிருந்த சின்னத்தை அகற்றியிருந்தார்’ என்று எழுதினேன். சட்டப்படி அது போதும் என்று மேடமும் தலையசைத்தார். காணொளியில் சொன்னதும் ‘பெருமைக்காகச் சொல்லப்பட்ட வார்த்தைகள்’ என்று ஆனது.

சத்தியப் பிரமாணம் வாங்கும் ஆணையரின் அறை எங்கள் தெருவிலேயே, ஒரு பயண ஏஜென்சியின் பின்பக்கம் இருக்கிறது. அண்ணியும் கிள்ளானிலிருந்து வந்திருந்தார். சுவரோரமாக, அம்மாவிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார். அந்த நாட்களில் வீட்டிலும் இருவருக்கும் இடையே பேச்சு அவ்வளவுதான். ஆணையர், வயதான மலாய்க்காரர், தாளில் என்ன இருக்கிறதென்று அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

‘யாரோ ஒருவர்’ என்ற இடம் வந்ததும் அம்மா கையைத் தூக்கினார்.

“யாரது?”

“அம்மா, இது போதும்னு மேடம் சொன்னாங்க.”

“கோயில்ல எல்லாருக்கும் தெரியுது. இந்தத் தாளுக்கு மட்டும் தெரியக்கூடாதா?” அண்ணி நின்ற பக்கம் அவர் திரும்பவில்லை. ஆனால் குரல் அங்கேதான் போனது. “யாரோ இல்ல. நான்தான் உரிச்சேன். அவ பேரு வெளிய வரக்கூடாதுன்னு உரிச்சேன். அப்படியே எழுதிக் கொண்டா.”

ஆணையருக்குத் தமிழ் தெரியாது. விஷயம் என்னவென்று என் முகத்தைப் பார்த்தார். திருத்தம் இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அச்சடித்த புதுத் தாளோடு திரும்பி வந்தபோது அம்மாவும் அண்ணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கைப்பை அண்ணியின் மடியில் இருந்தது. புதிய வரிகளைப் படித்துக் காட்டினேன். அம்மா மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். ஆணையர் முத்திரை குத்தினார்.

முடிவு வர வெகுகாலம் ஆனது. முடிவு எப்போது என்று பேரங்காடிக்காரர்கள் அண்ணிக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வந்த தீர்ப்பு, அந்த மனிதரின் விண்ணப்பத்தை நிராகரித்தது. சின்னம் யாருடையது என்று தெரிந்தே விண்ணப்பித்திருக்கிறார் என்று அதில் இருந்தது. மாமியாரின் வாக்குமூலம் அவருடைய சொந்த நலனுக்கு எதிராகவே இருப்பதால் அதை நம்பலாம் என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மேடம் அதே வாரத்தில் மூன்று வளையலுக்கும் அண்ணியின் பெயரில் விண்ணப்பம் போட்டார். அந்தக் கோணல் வளையலைக் கோணலாகவே வைத்தோம்.

பேரங்காடிக்குப் போகும் முதல் சரக்குக்குப் புது ஸ்டிக்கர் வேண்டியிருந்தது. அச்சகக்காரர் கடைவீட்டுக்கே மாதிரிகள் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். பளபளப்பானது, மங்கலானது, தங்க ஓரம் வைத்தது. அண்ணி நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து உட்கார்ந்தார். கேரி தீவுப் பெண்களில் ஒருத்தியிடம் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு மாதிரியையும் ஒரு மூடியில் ஒட்டி, தண்ணீரில் அமுக்கி வைத்தார். கொஞ்சநேரம் கழித்து எடுத்து, ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினார். பழகிய விரல்கள், எந்த மூலையில் ஆரம்பிக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

“இது வந்துரும், வேணாம்” என்று ஒன்றைத் தள்ளினார். “இதுவும் வந்துரும்.”

அச்சகக்காரர், “ஆன்டி, யாரு போயி இத சுடுதண்ணில போட்டு உரிக்கப் போறாங்க?” என்று சிரித்தார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அம்மா கடைசி மூடியை எடுத்து நெம்பிப் பார்த்தார். நகம் வழுக்கியது. இன்னொரு மூலையில் முயன்றார். அங்கும் வரவில்லை. ஈர மூடியை முந்தானையில் துடைத்து அண்ணியின் கையில் கொடுத்தார்.

“இத எடுத்துக்க” என்றார். “இத என்னாலயே உரிக்க முடியல.”